வைத்தியசாலைச் சமையற்கூடத்தில் ஒரு பகல்

வைத்தியசாலை என்றதும் வெள்ளுடை தரித்த தாதியரும், விரைந்து செல்லும் வைத்தியரும், மருந்து நெடியும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. அங்கே மூன்று வேளையும் நூற்றுக்கணக்கானோர்க்கு உலை வைக்கப்படுகின்றது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலர். அவ்வுலையில் எதனை இடுவது, எவ்வளவு இடுவது, யாருக்கு எதனை விலக்குவது என்று கணித்துரைக்கும் போசணை உத்தியோகத்தர் ஒருவர் உண்டு என்பதை அறிந்தோர் மிகச் சிலர்.

"வைத்தியத்துறைக்கு இடம் கிடையாவிடின் வேறென்ன படிக்கலாம், சேர்?" என்று உயிரியல் மாணவர் எம்மை வினவாத ஆண்டில்லை. அவ்வினாவிற்குச் சொல்லால் விடை கூறுவதிலும் கண்ணாற் காணச் செய்தல் நன்றென எண்ணி, உயர்தர வகுப்பு மாணவர் மூவருடன் வன்னிப் பகுதியிலுள்ள அரசினர் வைத்தியசாலையொன்றுக்குப் புறப்பட்டோம். அங்கே போசணைப் பிரிவிற் கடமையாற்றும் அம்மையார் எமது பழைய மாணவி. உரிய அனுமதியையும் அவரே பெற்றுத் தந்தார்.

கண்டி வீதி வழியே பேருந்து தெற்கு நோக்கிச் சென்றது. மாலை வெயிலில் ஆனையிறவுக் கடனீரேரி இருமருங்கும் பளபளத்தது. நம் முன்னோர்க்கு உப்பளித்த அவ்விடத்தைக் கடந்து, உப்பைக் கிராமில் நிறுத்துக் கொடுக்கும் ஓரிடத்திற்குச் செல்கின்றோமே என்று மாணவனொருவன் சொன்னது பொருத்தமாகவே இருந்தது. பரந்தனையும் கிளிநொச்சியையும் தாண்டி, முறிகண்டிப் பிள்ளையாரை வணங்கி, வழக்கம்போற் கச்சானும் வாங்கிக்கொண்டு, இரவு நண்பர் ஒருவரின் இல்லத்திலே தங்கினோம்.

மறுநாட் காலை ஐந்தரை மணிக்குச் சமையற்கூடத்தின் வாயிலில் நின்றோம். உள்ளே பெருங் கிடாரங்களில் நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மையார் முதலிற் பார்த்தது கிடாரத்தை அன்று, கடதாசிக் கட்டொன்றையே. ஒவ்வொரு விடுதியிலிருந்தும் வந்த உணவுப் பட்டியல்கள் அவை. சாதாரண உணவு எத்தனை, நீரிழிவுக்காரர் உணவு எத்தனை, உப்புக் குறைந்தது எத்தனை, மெல்ல இயலாதார்க்குக் குழைத்த உணவு எத்தனை, மூக்கினூடாகச் செலுத்திய குழாயால் ஊட்டவேண்டியது எத்தனை, சத்திரசிகிச்சைக்காக வெறுவயிற்றில் இருக்க வேண்டியோர் எத்தனை பேர் என்று அவற்றிலே குறிக்கப்பட்டிருந்தன. இரவிற் புதிதாகச் சேர்ந்தோரைக் கூட்டியும், வீடு சென்றோரைக் கழித்தும் அவர் எண்ணிக்கையைத் திருத்தினார். ஒரு பெயரைக் கழிக்கையில் மாத்திரம் அவருடைய பேனா சற்றுத் தாமதித்தது. காரணத்தை நாம் கேட்கவில்லை.

பின்னர் வந்திறங்கிய மீனின் செவுளைத் திறந்து பார்த்தார். மரக்கறியை நிறுக்கச் செய்தார். சமையலாளர் ஒருவரின் விரலிற் காயம் இருக்கக் கண்டு, அவரைச் சமைத்த உணவைத் தொடாத வேறு வேலைக்கு மாற்றினார். சோற்றைப் பற்றி அவர் சொன்னது எமக்கு வியப்பளித்தது. அரிசியில் இருக்கக்கூடிய பசில்லசு சீரியசு என்னும் பற்றீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் மடியாவாம். வெந்த சோறு ஆறிக் கிடக்கையில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சில் ஒருவகை மீண்டுஞ் சூடாக்கினும் அழியாது. ஆகவே சமைத்த உணவை 60 பாகை செல்சியசுக்கு மேலே சூடாக வைத்திருத்தல் வேண்டும். அன்றேல் விரைவிற் குளிரச் செய்து 5 பாகைக்குக் கீழே வைத்தல் வேண்டும். இடைப்பட்ட வெப்பமே ஆபத்தானது. நலமுள்ளோர்க்கு ஒரு நாள் வயிற்றோட்டமாக முடிவது, நலிந்தோர்க்கு உயிராபத்தாகவும் முடியலாம்.

எட்டு மணிக்கு மேல் அவருடன் விடுதிகளுக்குச் சென்றோம். நீரிழிவு நோயுள்ள மூதாட்டி ஒருவர், தாம் வீட்டிற் குரக்கன் பிட்டே உண்பதாகவும், ஆயினும் சீனி குறையவில்லை என்றும் முறையிட்டார். எவ்வளவு உண்பீர்கள் என்று கேட்டபோது, "குரக்கன்தானே பிள்ளை, வயிறு நிறையச் சாப்பிடுவன்" என்றார். அரிசியிலும் குரக்கனிலும் மாப்பொருளின் அளவு பெரிதும் வேறுபடுவதில்லை. நூறு கிராமில் ஏறத்தாழ எழுபது கிராமுக்கு மேல் இரண்டிலும் உண்டு. குரக்கனில் நாரும் கல்சியமும் மிகுதி என்பது மெய்யே. ஆயினும் அளவின்றி உண்டால் அதுவும் சீனியை ஏற்றும். அம்மையார் ஒரு கோப்பையை எடுத்து, இவ்வளவே ஒரு வேளைக்கு என்று காட்டி, மிகுதி இடத்தைக் கீரைக்கும் மரக்கறிக்கும் கொடுக்கச் சொன்னார்.

அடுத்த கட்டிலில் இருந்தவர் முதிய கமக்காரர் ஒருவர். வறள் வலயத்தில் 1990களிலிருந்து கமக்காரரை வாட்டிவரும், காரணம் இன்னும் முற்றாகத் தெளியப்படாத சிறுநீரக நோய் அவருக்கு. சில மாதங்களாக இயந்திரத்தினாற் குருதி சுத்திகரிக்கப்பட்டு வந்தது. ஆயின் அவர் உண்ண மறுத்தார். உடல் நாளுக்கு நாள் தேய்ந்தது. முதல்நாள் இரவுத் தட்டும் தொடப்படாமலே திரும்பியிருந்தது. அருகே அவர் மகள் இரண்டு இளநீருடன் நின்றார்.

"சூட்டுக்கு நல்லதெண்டு கொண்டந்தனான் மிஸ். முட்டை கிட்டை ஒண்டும் குடுக்கேல்லை. முந்தி டொக்டர் குறைக்கச் சொன்னவர்" என்றார் அவர்.

அன்பினாற் செய்யும் இவ்விரண்டுமே தந்தைக்குத் தீங்காக முடியும் என்பதை அம்மகள் எங்ஙனம் அறிவார்? நூறு மில்லிலீற்றர் இளநீரில் 250 மில்லிகிராம் வரை பொற்றாசியம் இருக்கலாம். நலமுள்ள சிறுநீரகம் மிகுதியை வெளியேற்றிவிடும். பழுதுற்ற சிறுநீரகத்தால் அஃதியலாது. குருதியிற் பொற்றாசியம் கூடினால் இருதயத்தின் துடிப்பே தடுமாறும். முட்டையின் கதையோ வேறு. இயந்திரச் சிகிச்சை தொடங்குமுன், சிறுநீரகத்தின் சுமையைக் குறைக்கும்பொருட்டுப் புரதத்தைக் குறைப்பது வழக்கம். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 30 முதல் 40 கிராம் போதும். சிகிச்சை தொடங்கியபின், சுத்திகரிப்பின்போது புரதக் கூறுகளும் கழிந்து போவதால், அவருக்கே 60 கிராமளவு தேவைப்படும். நேற்று விலக்கியது இன்று விதியாகின்றது!

இவற்றையெல்லாம் அம்மையார் எளிய மொழியில் மகளுக்கு விளக்கினார், கடிந்துகொள்ளவில்லை. இளநீரைத் தாமே அருந்துமாறு அவரிடம் சொல்லிவிட்டு, முதியவரின் பக்கத்தில் அமர்ந்தார்.

"என்னப்பு, ஏன் சாப்பிடேல்லை?"

"உப்புமில்லை, புளியுமில்லை. இதை எப்பிடிப் பிள்ளை விழுங்கிறது?"

"உப்புக் கூட்டேலாது அப்பு. தேசிப்புளியும் மிளகும் உள்ளியும் போட்டுத் தாளிச்சுத் தரச் சொல்லட்டே?"

முதியவர் சற்று நேரம் பேசாதிருந்து, "கறிவேப்பிலையும் போடச் சொல்லு" என்றார்.

அம்மையார் உடனே சமையற்கூடத்திற்குத் திரும்பினார். மரக்கறியைச் சிறிதாக அரிந்து, மிகுந்த நீரில் அவித்து, பொற்றாசியத்தில் ஒரு பகுதி கரைந்த அந்நீரை வடித்தபின் தாளிக்கச் செய்தார். அவித்த இரு முட்டைகளின் வெண்கருவும் தட்டில் வைக்கப்பட்டது.

நண்பகலில் அவர் செய்த மற்றொரு வேலையே எம் மாணவரை மிகவும் கவர்ந்தது. உணவு கொடுத்து முடிந்ததும், திரும்பி வரும் தட்டுகளை வாயிலில் நின்று பார்வையிட்டார். கிரைமியப் போர்க் காலத்தில் வைத்தியசாலைகளைச் சீர்செய்த புளோரன்சு நைற்றிங்கேல் அம்மையார், 1859இல் வெளியிட்ட தாதிமைக் குறிப்பு நூலில் இதனையே வற்புறுத்தினார். உணவு நிறைந்திருக்கும் இடத்திலேயே நோயாளர் பட்டினியால் மெலிகின்றனர். அவர் எதனை எவ்வேளையில் உண்ண வல்லார் என்று கவனிப்பாரில்லாமையே அதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. கணக்குப் பிழையாதிருக்கலாம், ஆயினும் உண்ணாத உணவில் ஊட்டமில்லை.

முதியவரின் தட்டு வந்தது. சோறும் கறியும் பெரும்பாலும் முடிந்திருந்தன. வெண்கருவில் ஒன்று எஞ்சியிருந்தது. அம்மையார் அதனைக் குறித்துக்கொண்டு, "நாளைக்கு இதைக் கறிக்குள்ளை உதிர்த்துப் போட்டுப் பாப்பம்" என்றார்.

மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் பத்துக் குறள்களில் ஆறனை உணவின் அளவுக்கும் முறைக்குமே ஒதுக்கினார். அதன் கருத்து இச்சமையற்கூடத்திலே நாள்தோறும் நடைமுறையாகின்றது. நோயுற்றோரைக் காணச் செல்கையில் வெறுங்கையுடன் செல்லாமை நம்மவர் பண்பு. அப்பண்பு வாழ்க, ஆயினும் பையைத் திறக்குமுன் தாதியிடமோ போசணை உத்தியோகத்தரிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுதல் அன்பிலும் சிறந்த அன்பாகும்.

மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். இத்துறைக்கு இரசாயனமும் உயிரியலும் வேண்டும், கணக்கும் வேண்டும். இவற்றைப் பல்கலைக்கழகங்கள் கற்பிக்கும். வயம்பப் பல்கலைக்கழகத்தில் உணவும் போசணையும் தனித்துறையாகவே பயிற்றப்படுகின்றன. ஆனால், உண்ண மறுக்கும் ஒருவரின் அருகிலே அமர்ந்து, "ஏன் அப்பு?" என்று கேட்கும் பொறுமையை அவரவரே தேடிக்கொள்ளுதல் வேண்டும்.