அம்மாயிக்கு ஒரு கடிதம்

ரத்தோட்டைப் பக்கம் எங்க லயத்துல, அம்மாயியோட சேமலாப நிதிக்காகக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். மூணு பேரும் கேம்பஸ். ஒருத்தி சட்டமும் படிக்கிறாள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி மாத்தளையிலும் அரசுக்குத் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனா முதல் வரியில் என்ன கேட்கிறதுன்னு தெரியல. இரண்டு பக்கம் அம்மாயியின் கஷ்டத்தை எழுதினோம். அங்கத்தவர் இலக்கத்தை விட்டுட்டோம். கடிதம் திரும்பி வந்துச்சு.

சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த 2020இல் வந்த விதியை, 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் தோற்கடித்தது. சந்தோஷப்பட்டோம். ஆனா தமிழில் எழுத அனுமதி இருந்தா மட்டும் போதுமா, எழுதச் சொல்லித்தர ஆள் வேணாமா? அமெரிக்காவில் சட்டம் படிக்கிறவங்களுக்கு முதல் வருஷமே எழுத்துப் பயிற்சி கட்டாயம். மாணவர் எழுத, ஆசிரியர் குறிப்புப் போட, மாணவர் திரும்ப எழுதணும். ஒவ்வொரு தாளையும் உட்கார்ந்து வாசிக்கிறதுக்கு நிறைய ஆசிரியர்கள் வேணும். தமிழில் அப்படி வாசித்துத் திருத்துறவங்களுக்கும் சம்பளமும் நிரந்தர வேலையும் கொடுக்கணும்.

கடிதத்தை ஆறு வரியில் திரும்ப எழுதினோம். முதல் வரியிலேயே இலக்கம். வாசிச்சுக் காட்டினோம்.

"எல்லாம் சரிதான். நான் எங்கடி இதுல?"ன்னு கேட்டாங்க அம்மாயி.

அதையும் யாராவது எங்களுக்குச் சொல்லித்தரணும்.