இரண்டு ஊர், ஒரு ஸ்டேஷன்

பக்கத்துப் பக்கத்து ஊர்களில் எது பாதுகாப்பானது என்று எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை மாநிலம், பெருநகரம், மாவட்டம் என்றுதான் பேசும். அதற்குக் கீழே ஸ்டேஷன் பதிவேடு. ஒரு ஸ்டேஷன் எல்லைக்குள் எத்தனையோ ஊர்.

*

லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்பது வழக்கமான கணக்கு. 1,200 பேர் இருக்கும் ஊரில் வருஷத்துக்கு ஒரு வீடு உடைபட்டால் விகிதம் 83. இரண்டு வீடு என்றால் 167. ஒரே ராத்திரியில் ஒரே ஆள் இரண்டையும் உடைத்திருக்கலாம், ஆனால் பேப்பரில் அந்த ஊர் இரண்டு மடங்கு மோசம்.

*

கிணற்று மோட்டார் வயர் திருட்டு. ராத்திரியில் வயரை வெட்டி, ஓடையோரம் போட்டு எரித்து, செம்பை மட்டும் எடைக்குப் போட்டுவிடுவார்கள். காலையில் வந்து பார்க்கும் விவசாயிக்குப் பயிர் காயும் கவலைதான் முதலில். கடன் வாங்கியாவது புது வயர் இழுத்துவிடுவார். ஸ்டேஷனுக்குப் போனால் ஒருநாள் பிழைப்பு போகும். போனாலும் பல நேரம் கையில் கிடைப்பது புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்தான். எஃப்.ஐ.ஆர். ஆகாதது குற்றக் கணக்கில் ஏறாது. கைதுக்குரிய குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படியும் பல புகார் சி.எஸ்.ஆரோடு நின்றுவிடுகிறது. ஆகவே கேஸ் அதிகமுள்ள ஊர், புகாரை ஒழுங்காக வாங்கும் ஸ்டேஷன் அமைந்த ஊராகவும் இருக்கலாம்.

*

“எங்க ஊர்ல போலீஸ் கேஸே கிடையாது, எல்லாம் ஊர்க்கூட்டத்துலயே முடிச்சிருவோம்.” பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் யாருக்கு உட்கார இடம், யார் கைகட்டி நிற்கிறார்கள், பெண்கள் வாய் திறக்க முடியுமா என்று கேட்காமல் இந்தப் பெருமையை என்னால் ஏற்க முடியாது.

*

உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட 1996இலிருந்து பத்து வருஷம் அங்கே முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. நடந்தாலும் ஜெயித்தவர் உடனே ராஜினாமா. 2006இல்தான் முறையாக நடந்தது. மேலூர்ப் பக்கத்து மேலவளவிலும் அதே ஒதுக்கீடு; அங்கே தேர்தல் நடந்தது. தலைவரான முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். கொலைக்கணக்கை மட்டும் பார்த்தால் முதல் மூன்றும் அமைதியான ஊர்கள். வேட்புமனு போட ஆள் துணியாத அமைதி அது. பதிவேட்டில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

*

இரண்டு ஊரை ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் நான் கேட்பது: கடைசி பஸ்ஸில் இறங்கும் பெண் தனியாக வீட்டுக்கு நடப்பாளா? காலனிப் பையன் மேலத்தெரு வழியாக பைக்கில் உட்கார்ந்தபடியே போவானா? சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்கள் அதே ஊரில் குடியிருக்கிறார்களா? ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். எத்தனை என்பதோடு சி.எஸ்.ஆர். எத்தனை என்றும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிதாக இருந்தால், அந்த ஸ்டேஷன் கணக்கை வைத்து எந்த ஊருக்கும் நல்ல பெயரோ கெட்ட பெயரோ வைக்க மாட்டேன்.