நாளைப் போவார் ஊரில் ஒரு பள்ளிக்கூடம்

சிதம்பரத்துக்கு யாத்திரை போகிறவர்கள் நான்கு கோபுரங்களையும் கண்டு, சிற்சபையில் நடராஜப் பெருமானைத் தரிசித்து, பெரும்பாலும் அன்றே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கோயிலை விட்டுச் சற்று விலகி, ஓமக்குளம் என்னும் இடத்தில், அவசியம் பார்க்க வேண்டிய தர்மம் ஒன்று இருக்கிறது. அதன் அருமையை உணர விரும்புகிறவர்கள் கடலூரிலிருந்து பிரயாணத்தைத் தொடங்குவது நலம்.

கடலூர் பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவின் தலைநகரம். கெடில நதி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே, கிளைவ் கவர்னராயிருந்து ஆண்ட செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் இன்னும் நிற்கிறது. 1918-இல் புதுச்சேரியை விட்டு வெளிவந்த பாரதியாரைக் கைது செய்து அடைத்ததும் இந்த ஊர்ச் சிறையில்தான். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி இதே கடற்கரையில் ஆழிப்பேரலை புகுந்து, காலையில் தாய் தந்தையரோடு இருந்த குழந்தைகளை நண்பகலுக்குள் அநாதைகளாக்கியது. அவர்களுக்காக அரசாங்கம் இங்கே ஓர் இல்லம் திறந்தது. பெற்றோரை இழந்த குழந்தைக்கு முதலில் சோறு வேண்டும். பிறகு படுக்க இடம் வேண்டும். அதன் பிறகே எழுத்து. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

குறிஞ்சிப்பாடியைத் தாண்டினால் வடலூர். இங்கே 1867-இல் இராமலிங்க வள்ளலார் சத்திய தருமச்சாலையை நிறுவி, தம் கையால் அடுப்பு மூட்டினார். அந்த நெருப்பு இன்று வரை அணையவில்லை. சாதி என்ன, சமயம் என்ன என்று கேளாமல், பசி ஒன்றையே அடையாளமாகக் கொண்டு இங்கே சோறு இடுகிறார்கள். வள்ளலார் பிறந்த மருதூரும் இந்தப் பக்கத்துச் சிற்றூர்தான். கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் தந்தையை இழந்தார் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், அந்த அடுப்பின் சூடு நமக்கு இன்னும் நன்றாக விளங்குகிறது.

புவனகிரியில் வெள்ளாற்றைக் கடந்து தெற்கே போனால் இரு மருங்கும் வயல்கள். இந்தப் பிரதேசத்தில் நெல் விளைவித்த கைகளில் பல, எழுத்தாணியைத் தொட்டதேயில்லை. பண்ணையாளின் பிள்ளை நடக்கத் தெரிந்ததும் மாடு மேய்க்கப் போவான். வளர்ந்ததும் தகப்பனுக்குப் பதிலாக ஏர் பிடிப்பான். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தாலும் அவன் எப்படிப் போவது? அவன் மேய்க்கிற மாட்டுக்கு ஈடாக வீட்டுக்கு வரும் கூழை யார் கொடுப்பது?

இப்போது சிதம்பரத்துக்கு வந்துவிட்டோம். திருநாளைப்போவார் என்னும் நந்தனாரின் கதையை நேயர்கள் அறிவார்கள். கொள்ளிடக் கரையிலுள்ள ஆதனூரில் பிறந்து, தில்லையைக் காண ஏங்கி, தீயில் மூழ்கி எழுந்தே உள்ளே போனவர் அவர் என்று சேக்கிழார் பாடினார். கொடிய பண்ணை வேதியரை அந்தக் கதையில் சேர்த்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நந்தனார் தீப்புகுந்த இடம் ஓமக்குளமே என்று ஊரார் சொல்லுகிறார்கள். மெய்யடியார் ஒருவர் வாசலுக்குள் நுழையக் கொடுத்த விலை நெருப்பு.

அந்த ஓமக்குளத்திலே ஸ்வாமி ஸகஜாநந்தர் நந்தனார் பெயரால் ஒரு மடம் அமைத்தார். 1890-இல் ஆரணிக்கு அருகில் மேல்புதுப்பாக்கத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர் அவர். பிள்ளைப் பெயர் முனிசாமி. திண்டிவனத்தில் மிஷன் பள்ளியொன்றில் படித்தார். கிறிஸ்தவராக மாறும்படி சொன்னபோது அதற்கு இசையாமல் படிப்பையே விட்டு வந்தார். கோலார் தங்கச் சுரங்கத்தில் பெற்றோர்களோடு உழைத்தார். பின்னர் கரபாத்திர ஸ்வாமிகளை அடுத்துத் துறவு பூண்டு, 1910-இல் சிதம்பரம் வந்து சேர்ந்தார். துறவிக்கு ஒரு திருவோடு போதும். ஆனால் அவர் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். அத்துடன் அவர்கள் தங்கி உண்ண விடுதியும் ஏற்படுத்தினார். பசியோடு வரும் பிள்ளைக்குப் பலகையில் எழுத்து நிற்காது என்பதை அவர் புஸ்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

1927-இல் காந்தியடிகள் சிதம்பரம் வந்தார். நந்தனாரின் ஊருக்கு வந்திருப்பதாகவே எண்ணி மகிழ்ந்தார். ஸ்வாமிகள் சென்னைச் சட்டசபையிலும் பல ஆண்டுகள் அங்கம் வகித்து, தம் மக்களுக்காக வாதாடினார். ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல் வந்தது. கோயில் கதவு சட்டத்தால் திறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, கல்விக் கதவைத் திறந்து வைத்துவிட்டார் இந்தத் துறவி. 1959-இல் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய பள்ளி இன்று அரசு நந்தனார் மேல்நிலைப் பள்ளியாக நடைபெறுகிறது.

தர்மம் செய்கிறவர்கள் நாட்டில் எக்காலத்திலும் உண்டு. ஆயினும் வாங்கும் பிள்ளையிடம் விலை கேளாத தர்மம் அரிது. ஒருவர் மதத்தைக் கேட்பார். ஒருவர் பணிவைக் கேட்பார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லுகிறவரும், போட்ட சோற்றை வாழ்நாளெல்லாம் நினைவூட்டிக்கொண்டே இருப்பார். நந்தனாரிடம் கேட்ட விலை உலகறிந்தது. தம்மிடம் கேட்ட விலையைக் கொடுக்க மறுத்த ஒருவர், பிறகு தம்மிடம் வந்த குழந்தைகளுக்கு விலையின்றிச் சோறும் எழுத்தும் கொடுத்தார். இதுவே இந்தப் பள்ளிக்கூடத்தின் பெருமை.

அடுத்த முறை தில்லைக்குப் போகும்போது, குடும்பத்துடன் ஓமக்குளத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஊர் திரும்பியதும், உங்கள் தெருவில் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளை ஒருவன் இருந்தால், அவன் வீட்டில் இரவு அடுப்பு எரிகிறதா என்று முதலில் விசாரியுங்கள்.