படிக்காமல் விட்ட பக்கங்கள்

2022 பிப்ரவரி 10 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலேயே வைத்தது. 2022-23இல் பணவீக்கம் சராசரியாக 4.5 சதவீதம் இருக்கும் என்று கணித்தது. திருப்பூரில் சிறிய நிட்டிங் யூனிட் நடத்தும் நான், அந்த ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு, வட்டி ஏறாது என்று நம்பி, ரெப்போவோடு சேர்ந்து ஏறும் வட்டியில் கடன் வாங்கிப் புது மெஷின் போட்டேன்.

அதே மாதம் 24ஆம் தேதி ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. ஏப்ரலில் பணவீக்கம் 7.79 சதவீதம். மே 4ஆம் தேதி, வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமலே ரெப்போவை 4.40 ஆக்கினார்கள். 2023 பிப்ரவரியில் அது 6.50. பஞ்சு விலை கண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது, நூல் விலை தாங்காமல் ஆர்டர் குறைந்தது. மெஷின் நின்றது, டியூ நிற்கவில்லை.

ரிசர்வ் வங்கியே கோட்டை விட்டுவிட்டது, நாம் என்ன செய்வது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். பிறகுதான் அந்தக் கணிப்பு வந்த அறிக்கையை முழுதாகப் படித்தேன். பருவமழை இயல்பாகப் பெய்யும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது என்று அதிலேயே இருந்தது. கச்சா எண்ணெய் விலையால் பணவீக்கம் ஏறக்கூடும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. கூடவே விசிறிபோல் ஒரு வரைபடம்: நடுக்கோட்டின் இருபுறமும் பட்டைகள், காலம் தள்ளத் தள்ள அகன்றுகொண்டே போகின்றன. நான் பார்த்தது நடுக்கோட்டை மட்டும். 2022-23இன் சராசரிப் பணவீக்கம் 6.7 சதவீதத்தில் முடிந்தது.

போர் வரும் என்று அறிக்கையில் இல்லைதான். ஆனால் வட்டி இரண்டு சதவீதம் ஏறினால் டியூ எவ்வளவு ஆகும் என்று பார்க்கப் போர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் கணக்கு பார்க்கும் அக்கா அதைத்தான் கேட்டார். “நல்ல காரியத்துக்குக் கிளம்பறப்போ குறுக்கே பேசாதீங்கக்கா” என்று அவர் வாயை அடைத்தேன்.

உண்மையில் மெஷின் வாங்குவதென்று முன்பே முடிவுசெய்துவிட்டேன். அதற்கு ஒத்து ஊத ஓர் எண் வேண்டியிருந்தது. கணிப்பு 6 சதவீதம் என்றிருந்தால் வேறு யாருடைய கணிப்பையாவது தேடிப் போயிருப்பேன்.

என் பணத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. “வட்டி ஏறாது மாப்ளே, தைரியமா வாங்கு” என்று மச்சினனையும் கடன் வாங்க வைத்தேன். அவன் மெஷின்களை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு இப்போது வேறொரு கம்பெனியில் சம்பளத்துக்குப் போகிறான். கணிப்பு பொய்த்ததால்தான் இப்படி ஆனது என்று அவன் இன்னும் நம்புகிறான். அப்படி நம்ப வைத்தவன் நான்தான்.