பையனை நிறுத்துவதற்கு முன்...

சத்தியமங்கலம் பக்கம் மல்லிகைக்குப் பேர்போன ஊர்களில் ஒன்று அது. அந்தக் குடும்பத்துக்கு அரை ஏக்கர் மல்லிகை, ஒரு ஏக்கர் வாழை, இரண்டு கறவை மாடுகள். மூத்த பெண் கல்லூரியில் படிக்கிறாள். இளையவன் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தான். ஏப்ரல் கடைசியில் அப்பா ஒரு முடிவைச் சொன்னார். பையனை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போவதில்லை, வீட்டிலேயே படிக்கட்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. பையனுக்கு வாசிப்பு வரவில்லை. பூ மார்க்கெட்டில் இரண்டே முக்கால் கிலோவுக்கு என்ன விலை என்று அப்பா கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிடுவான். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிப் போகும். "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் ஒரு ஆசிரியர் சொல்லியிருக்கிறார். (மாடு வளர்ப்பதில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.) அதன் பிறகு காலையில் பள்ளி என்றாலே பையனுக்கு வயிற்றுவலி. பக்கத்துத் தோட்டத்தை வாங்கிக் குடியேறிய நகரத்துக் குடும்பம் ஒன்று தங்கள் இரண்டு பிள்ளைகளையும் வீட்டில் வைத்தே படிக்க வைக்கிறது. "சட்டப்படி தடையில்லைங்க" என்று அவர்கள் சொன்னது இவர் மனதில் தங்கிவிட்டது.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏனுங்க, பையன் படிக்கறதுக்கு நிறுத்தறீங்களா, பூப்பறிக்கறதுக்கா?"

அவர் பதில் சொல்லவில்லை, தோட்டத்துக்குப் போய்விட்டார். அந்தப் பருவத்தில் பறிப்புக்கு ஆள் கிடைக்காமல் விடிவதற்கு முன்பே வீட்டில் எல்லோரும் மல்லிகைக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் கைதான் அதில் வேகமான கை.

இரண்டு நாள் கழித்து அவரே விசாரிக்கக் கிளம்பினார். முதலில் தெரிந்த ஒரு தலைமையாசிரியர், அப்புறம் வட்டார வள மையம். தெரிந்துகொண்டதை வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

நகரத்துக் குடும்பம் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான். 2009-ல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இலவச, கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. அதில் 'கட்டாயம்' என்பது அரசின் தலையில் வைத்த கடமை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-வது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் விதிக்கவில்லை. வீட்டுக்கல்வி என்று தனியாகப் பதிவு செய்யும் அலுவலகமும் கிடையாது. அதனால் பையன் பெயர் 'பள்ளி செல்லாக் குழந்தைகள்' கணக்கெடுப்பில் ஏறும், வீடு தேடி ஆள் வரும். சட்டமே வெளிப்படையாக வீட்டில் படிக்கும் உரிமை கொடுத்திருப்பது பல்வகை ஊனமும் கடும் ஊனமும் உள்ள குழந்தைகளுக்கு மட்டும். அது 2012 திருத்தத்தில் வந்தது.

தேர்வு எழுத வழி உண்டு. பன்னிரண்டரை வயது முடிந்தால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அதில் தேறி, பதினான்கரை வயதும் முடிந்திருந்தால் பத்தாம் வகுப்பு. அதற்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்து போய் வர வேண்டும். இதைக் கோட்டைவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. இன்னொரு வழி மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 14 வயது முடிந்தவர்கள் அதில் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். ஆனால் சேருவதற்கு முன்பே, பிற்பாடு போக நினைக்கும் கல்லூரி அந்தச் சான்றிதழை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் மூத்தவள் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, எனக்கு மாசாமாசம் ஆயிரம் ரூவா எதனால வருதுன்னு நெனைக்கறீங்க?" என்றாள்.

புதுமைப்பெண் திட்டம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் வருகிறது. பையன்களுக்கு அதே மாதிரி தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. அதைவிடப் பெரியது 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-ல் மருத்துவத்துக்கு வந்து, மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவப் படிப்புகளுக்கும் நீண்டது. அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதான் கணக்கு. நகரத்துக் குடும்பத்துக்கு இந்த நஷ்டம் தெரியாது. அவர்கள் பிள்ளைகள் எப்படியும் இந்த வரிசையில் நிற்கப் போவதில்லை. அரை ஏக்கர் மல்லிகைக்காரருக்கு அது அப்படியில்லை. பையன் சரியாக ஆறாம் வகுப்பு வாசலில் நின்றான்.

நடுவில் ஒரு வருடம் விட்டுவிட்டுத் திரும்பலாமா என்றும் கேட்டிருக்கிறார். திரும்பலாம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி தர வேண்டும், மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று மறுக்கக் கூடாது. படிப்பு தொடரும், அந்த ஏழு வருடக் கணக்கு அறுந்துவிடும்.

பறிப்பு விஷயத்தையும் வள மையத்தில் அவர் மறைக்கவில்லை. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம். ஆனால் பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத வேலையில் மட்டும். மொட்டுப்புழுவுக்கு மருந்தடித்த செடிக்குள் சிறுவனை இறக்குவது எந்த நேரத்திலும் சரியில்லை. பள்ளி நேரம் என்ற ஒன்றே இல்லாத பையனுக்கு 'பள்ளி நேரம் போக' என்பதை எப்படி அளப்பது என்று அங்கிருந்த சிறப்பாசிரியை கேட்டாராம். மனைவி கேட்டதும் அதுதான்.

அந்தச் சிறப்பாசிரியைதான் பையனை அழைத்துவரச் சொன்னார். அரை நாள் அவனோடு உட்கார்ந்தார். மந்தமில்லை, கற்றல் குறைபாடாக இருக்கலாம், ஈரோடு அரசு மருத்துவமனையில் காட்டிச் சான்று வாங்குங்கள் என்றார். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் குறைபாடும் இருக்கிறது. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உட்படச் சலுகைகள் உண்டு. ஐந்து வருடம் பள்ளிக்குப் போன பிள்ளையை யாரும் இதற்கு முன் அப்படி உட்கார வைத்துப் பார்க்கவில்லை என்பதில் அப்பாவுக்கு இன்னும் கோபம் இருக்கிறது. நியாயமான கோபம்தான். மாணவரை அடிப்பதும் மனம் புண்படப் பேசுவதும் அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவில் தடை செய்யப்பட்டவை. அதை எழுதிக் கொடுத்திருக்கலாம். அவர் கொடுக்கவில்லை.

ஜூனில் பையன் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் வேறொரு அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். வாரம் ஒரு நாள் சிறப்பாசிரியை பார்க்கிறார். ராத்திரி அம்மா பாடத்தைச் சத்தமாக வாசிக்க, அவன் கேட்டுப் படிக்கிறான். பறிப்புக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறான்.

மற்ற நாட்களில் பறித்து முடிக்க ஆள் போதவில்லை. மேற்கோர வரிசையில் விட்டுப்போகும் மொட்டு மலர்ந்துவிடுகிறது. அந்தப் பூவை மறுநாள் கிடைத்த விலைக்குக் கொடுக்கிறார்கள்.