மாப்பிள்ளை வண்டிக்கு இன்ஜின் வேலை

சின்ன வெங்காயம் எடுத்து முடிச்ச கையோட அக்கா மகன் தன் வண்டியைக் கொண்டாந்து களத்துல நிறுத்தினான். மஞ்சள் போர்டு வண்டி. நாலு சிலிண்டர், 2.5 லிட்டர் டர்போ டீசல், பழைய மாடல். பழனிக்கு வர்றவங்களைக் கொடைக்கானலுக்கு ஏத்திட்டுப் போறதுதான் அவன் பொழப்பு. பழைய வண்டியா வாங்கி எட்டு மாசம் ஆகுது. இப்ப மலை ஏற மாட்டேங்குது, நீலப் புகை தள்ளுது, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்குது.

சீட்டு எடுத்த பணம் 80,000 கையில் இருந்தது. அதை எப்படிச் செலவு பண்றதுன்னு ஒரு திட்டமும் வெச்சிருந்தான். கம்ப்யூட்டர்ல மேப் மாத்தி டர்போ பூஸ்ட்டை ஏத்துறது, மிச்சத்துல ஃபோர்ஜ்ட் பிஸ்டன் போடுறது. "வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான் மாமா பண்றாங்க"ன்னு ஃபோன்ல வீடியோ காட்டினான்.

வீடியோவுல சொல்றது பொய்யில்லை. டர்போங்கறது புகை வெளியே போற வேகத்துல சுத்துற காத்தாடி. நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்தி, சிலிண்டருக்குள்ள காத்தை அழுத்தித் திணிக்கும். காத்து கூடினா டீசலும் கூட ஊத்தலாம், பவர் கிடைக்கும். ஆனா அந்த அழுத்தமும் சூடும் முழுக்க இறங்குறது பிஸ்டன் தலை, ரிங், கனெக்டிங் ராடு, பேரிங், ஹெட் கேஸ்கட் மேலதான். அதனாலதான் ரேஸ் விடறவங்க உள் சாமானை மாத்தறாங்க. அச்சுல வார்த்த பிஸ்டனைவிட அடிச்சு உருவாக்கின ஃபோர்ஜ்ட் பிஸ்டன் பலம் அதிகம். ஆனா சூட்டுல அது கூடுதலா விரியும், அதுக்கு இடைவெளி விட்டு போர் பண்ணணும். நம்ம வண்டிக்கு அது கடையில தொங்குற சாமானும் இல்லை, ஆர்டர் கொடுத்துச் செய்யணும். விலை விசாரிச்சான். நாலு பிஸ்டனுக்கே கையில இருந்தது பத்தாது.

"மேப் மட்டும் போடலாமா மாமா?"

"இருக்கிற கம்ப்ரஷனே ஓடிப் போகுது மாப்ள. ஓட்டை வாளியில ரெண்டு குடம் சேர்த்து ஊத்தி என்ன பண்ண?"

ஆயில் மூடியைத் திறந்துட்டு வண்டியை ஓட விட்டோம். குப்குப்னு புகை வந்துச்சு. மெக்கானிக்குங்க இதை பேக் கம்ப்ரஷன்னு சொல்வாங்க. ரிங்கைத் தாண்டிக் காத்து கீழே இறங்குதுன்னு அர்த்தம்.

கிணத்துல ஆயில் இன்ஜின் ஓடின காலத்துல இதெல்லாம் எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. எங்கப்பா தானே ரிங் மாத்துவார். கரண்ட் மோட்டார் வந்ததும் அந்தக் கை மறந்து போச்சு.

மெக்கானிக் அண்ணன் ஹெட்டை இறக்கும் முன்னாடி ஏர் ஃபில்டர்ல இருந்து டர்போவுக்குப் போற ஹோஸைக் கழட்டி உள்ள விரலை விட்டார். விரல் நுனியில செம்மண். ஃபில்டர் பெட்டிக்கு ஒரு கிளிப் இல்லை, முன்னாடி வெச்சிருந்தவர் கயித்தால கட்டி வெச்சிருந்தார். அந்தச் சந்து வழியா எத்தனை வருஷத்துப் புழுதி உள்ள போயிருக்குமோ! ரிங்கையும் போரையும் தின்னது அதுதான். இருநூறு ரூபாய் சமாச்சாரம். இதை விட்டுட்டு தங்கத்துல பிஸ்டன் போட்டாலும் ஒரே வருஷத்துல தேஞ்சிருக்கும்.

பிளாக்கைக் கோயம்புத்தூருக்குக் கொண்டு போனோம். மோட்டார் பம்ப் செய்யற ஊர், அளவுன்னா அளவுதான். பட்டறைக்காரர் ஒவ்வொரு சிலிண்டரையும் மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல அளந்தார். மேல் பக்கம் தேய்மானம் அதிகம். 0.50 மில்லிமீட்டர் ரீபோர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங் புதுசு. ஃபோர்ஜ்ட் இல்லை, கம்பெனி தரத்துச் சாதா பிஸ்டன். டீசல் பிஸ்டன்ல மேல் ரிங் உட்கார்ற பள்ளத்துக்குத் தனி இரும்பு வளையம் வெச்சே வார்ப்பாங்க. கம்பெனி பூஸ்ட்டுக்கு அது தாராளம். கிராங்க் அளவு சரியா இருந்ததால பாலிஷ் மட்டும். "சும்மா இருக்கிறதை எதுக்குங்க கடையணும்?"னார் அவர். அவருக்கு அதுல கூலி போச்சு, ஆனாலும் சொன்னார்.

மிச்சமான பணம் போன இடம்தான் என் கணக்குல உண்மையான அப்கிரேடு. ராடு போல்ட், ஹெட் போல்ட் எல்லாம் புதுசு. இந்த மாதிரி இன்ஜின்கள்ல முறுக்கும்போதே இழுபட்டு நீள்ற வகை போல்ட் உண்டு, பழசை மறுபடி போட்டா பிடிப்பு நிக்காது. பிஸ்டன் எவ்வளவு மேல வருதுன்னு டயல் கேஜ் வெச்சுப் பார்த்து, அதுக்கு ஏத்த தடிமன்ல ஹெட் கேஸ்கட். டர்போவுக்குப் புது கோர், அதுக்கு ஆயில் போற பைப்பும் புதுசு. பழைய பைப்புல கரி அடைச்சிருந்தா புது டர்போவும் ஆயில் இல்லாம செத்துப் போகும். இன்டர்கூலருக்குள்ள தேங்கின ஆயிலைக் கழுவி எடுத்தோம். அது இன்ஜினுக்குள்ள போனா டீசல் வண்டி அதையே எரிச்சுக்கிட்டு, சாவியை நிறுத்தினாலும் நிக்காம கத்தும்.

ரிங் வாய் இடைவெளியை மாப்பிள்ளையே அளந்தான். சிலிண்டர் விட்டத்துல இஞ்சுக்கு ஆயிரத்துல நாலு பங்குன்னு பொதுக் கணக்கு. மூணரை இஞ்சுக்கு 0.35 மில்லிமீட்டர் வரும், டர்போவுக்கு இன்னும் கொஞ்சம் கூட. குறைஞ்சா சூட்டுல ரிங் முனை ரெண்டும் முட்டி பிஸ்டனையே உடைக்கும். மூணு ரிங்கை அரத்தால லேசாத் தேய்ச்சுத்தான் போட வேண்டியிருந்தது. அப்புறம் நான் விதை நிறுக்க வெச்சிருக்கிற சின்னத் தராசுல பிஸ்டன், ராடு எல்லாத்தையும் நிறுத்தான். கனமான பிஸ்டனுக்கு லேசான ராடுன்னு ஜோடி சேர்த்து, நாலு ஜோடியையும் கிட்டத்தட்ட ஒரே எடைக்குக் கொண்டு வந்தான். அஞ்சு பைசா செலவில்லை. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அவன் குனிஞ்ச தலை நிமிரலை. வெங்காயம் தரம் பிரிக்கச் சொன்னா அரை மணி நேரம் உட்கார மாட்டான்!

மொத்தம் 76,000 ஆச்சு. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மலை வாடகை வேண்டாம், ஆனா உருட்டிக்கிட்டும் ஓட்டாதேன்னு மெக்கானிக் அண்ணன் சொல்லி அனுப்பினார். நடுத்தர பாரம் இருந்தாத்தான் ரிங் போர்ல படியும். சும்மா ஐடில்ல விட்டா சுவர் கண்ணாடியாகி மறுபடி ஆயில் குடிக்கும். 500-ல ஒரு ஆயில் மாத்தினான்.

போன வாரம் ஏழு பேரோட கொடைக்கானல் ஏறிட்டு வந்தான். புகை இல்லை. முன்னே ரெண்டாவது கியருக்கு இறங்கின வளைவுல இப்ப மூணுலயே ஏறுதாம். வாங்கினப்பவே இல்லாத இழுவைன்னான்.

மேப் ஆசை இன்னும் போகலை. பூஸ்ட் ஏத்தி எஃப்.சி.யில புகை நிக்கலைன்னா வண்டி நின்னு போகும்னு சொன்னேன். அப்படியும் போடணும்னா முதல்ல புகைக்குழாய்ல வெப்பமானி வை, டர்போவுக்கு முன்னாடி 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி ரொம்ப நேரம் நின்னா பிஸ்டன் தலை உருகும்னேன். தலையாட்டினான். இன்னைக்குக் காலையில அந்த வெப்பமானி விலை என்னன்னு ஃபோன்ல பார்த்துட்டு இருந்தான்.