மூக்கில் குழாய் போட்ட பிள்ளை

என் வகுப்புப் பிள்ளையொன்றின் தங்கச்சிக்கு எட்டு மாதம். பிறவியிலேயே பித்தக்குழாய் அடைப்பு. ஈரல் மாற்று ஒப்பரேசனுக்குக் காத்திருக்கிறார்கள். பார்க்கப் போகிறவர்கள், "செங்கமாரிக்கு எண்ணெய், மீன், முட்டை ஆகாது, கஞ்சி மட்டும் கொடுங்க" என்கிறார்களாம். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

பித்தம் குடலுக்கு வராததால் சாதாரணக் கொழுப்பு சரியாக உடம்பில் சேராது, அது உண்மை. அதற்காகத்தான் பித்தமில்லாமலே சேரும் எம்.சி.டி. கொழுப்புள்ள பால்மாவும் ஏ, டி, ஈ, கே விட்டமின்களும் டொக்டர் எழுதியிருக்கிறார். இப்படியான பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளைவிட ஒன்றரை மடங்கு வரை சக்தி தேவைப்படும். வயிற்றில் நீர் கோத்தால் நிறை கூடினமாதிரித் தெரியும். கையைப் பார்த்தால் ஈர்க்கில். இரவில் மூக்குக் குழாயால் பால் போவது 'கடைசிக் கட்டம்' அல்ல, ஒப்பரேசனைத் தாங்க உடம்பைத் தேற்றுவது.

டின் பால்மா விலை வாப்பாவின் நாட்கூலிக்குக் கட்டாது. உதவ நினைப்பவர்கள் இன்பொக்ஸ் வாருங்கள்.